சிங்கம் இல்லாத ஐந்து நாள்

மின்னஞ்சலின் அடியில் இருந்த பெயரைப் படித்ததும் மேப்பக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து மறுபடி படித்தாள். அதே பெயர்தான். அதே ஆள்தான்.

மேட்டுநிலச் சரணாலயத்துக்கு வருகிறவர்களுக்குப் பயணத்திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. டயர் கடைக்கு மேல்மாடியில், மூன்று மேசையும் ஒரு இரும்பு அலமாரியுமாக இருந்த சின்ன சஃபாரி கம்பெனி. அவள் மேசைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம். சாயங்காலமானால் டிரைவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இன்று எங்கே எதைப் பார்த்தோம் என்று சொல்வார்கள். அவள் குண்டூசி குத்திக்கொள்வாள். சிவப்பு என்றால் சிங்கம், மஞ்சள் என்றால் சிறுத்தை, கறுப்பு என்றால் எருமை. மற்றக் கம்பெனி டிரைவர்கள்கூட அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அப்படி, மேப்பும் கையுமாக இருக்கிற அக்கா என்று வந்ததுதான் மேப்பக்கா என்ற பேர். எந்த மந்தை எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடுவாள். ஆனால் சரணாலயத்துக்குள் அவள் கால் பட்டு ஆறு வருஷம் ஆகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் டிரைவர்தான். வேறொரு பெரிய கம்பெனியில், நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். ஒருநாள் காலையில் இந்த ஆளைத் தனியாக ஏற்றிக்கொண்டு போனாள். சதுப்பு ஓரத்தில் ஒற்றை எருமை நின்றது, கூட்டம் ஒதுக்கிவிட்ட கிழட்டுக் கடா. அது முதுகுக்குப் பின்னால் தெரிகிற மாதிரி தனக்கு ஒரு படம் வேண்டும் என்றான் அவன். இறங்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். கேட்காமல் கதவைத் திறந்து இறங்கிப் பத்தடி நடந்துவிட்டான். எருமை தலையைத் தாழ்த்தியது. அவள் யோசிக்கவே இல்லை, வண்டியைக் கொண்டுபோய்க் குறுக்கே விட்டாள். முட்டு அவள் பக்கத்துக் கதவில் விழுந்தது. வலது முழங்கை நொறுங்கிப்போயிற்று. அவன் சட்டையில் மண்கூட ஒட்டவில்லை.

கையில் தகடு வைத்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் சரணாலய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். இறங்கினால் ஒன்றும் ஆகாது என்று டிரைவர் சொன்னார், அவரை நம்பித்தான் இறங்கினேன் என்று அழகான கையெழுத்தில். விசாரணை அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. உரிமம் ரத்து, உள்ளே நுழையத் தடை. கம்பெனியும் கைகழுவிவிட்டது.

இப்போது வந்திருந்த மின்னஞ்சலில் அவன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தான். கம்பெனிகளுக்குப் போய் ஊழியர்களுக்குத் தைரியத்தைப் பற்றி உரையாற்றுகிறவனாம். ஒரு காணொளிக்கு இணைப்பும் கொடுத்திருந்தான். அவள் திறந்து பார்த்தாள். மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே அவன் எருமைக் கதையைச் சொன்னான். அந்தக் கதையில் டிரைவர் பெண் பயத்தில் உறைந்து உட்கார்ந்திருந்தாள். அவன்தான் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து அவள் உயிரைக் காப்பாற்றினான். ஐநூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அடுத்த உரைக்குச் சிங்கம் வேட்டையாடுகிற காட்சி ஒன்றைத் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும், ஐந்து நாள் திட்டம் போட்டுக் கொடுங்கள், படத்தில் வேறு வண்டி எதுவும் தெரியக் கூடாது என்று முடித்திருந்தான்.

முடியாது என்று பதில் போடத்தான் முதலில் கை போயிற்று. பிறகு நிறுத்திக்கொண்டாள். அவள் மாட்டேன் என்றால் இன்னொரு கம்பெனிக்குப் போவான். அவர்கள் காட்டிவிடுவார்கள். காட்டுகிற இடம் எது என்று அவளிடமே கேட்டுக் காட்டுவார்கள். சிங்கம் இருக்கிற இடம் எல்லாம் தெரிந்த ஒருத்திக்கு, இல்லாத இடமும் தெரியும் அல்லவா.

மூன்று நாள் உட்கார்ந்து அந்தத் திட்டத்தைப் போட்டாள். அவள் வேலையில் அவ்வளவு பாடுபட்டது அதற்கு முன் கிடையாது. பெருமழை ஓய்ந்த மாதம் அது. மேற்குச் சமவெளியில் பழைய புல்லை எரித்துவிட்டிருந்தார்கள், சாம்பலுக்கு மேல் பச்சைத் துளிர் கிளம்பி வரிக்குதிரையும் மானும் அங்கே குவிந்திருந்தன. அவற்றின் பின்னாலேயே சிங்கங்களும் போயிருந்தன. கிழக்கு மேட்டில் புல் இடுப்பளவு. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சிங்கம் படுத்திருந்தாலும் காது நுனி தெரியாது. அங்கே ஒரு முகாம் உண்டு. ஏழாயிரம் அடி உயரம், காலையில் பல் கிட்டும் குளிர், மேற்கு வாசலுக்குப் போய்வரவே அரைநாள் போய்விடும். அவனை அங்கே தங்க வைத்தாள். வடக்குப் பாறைக்குன்றில் சிறுத்தைக் குட்டிகள் இருந்ததால் அந்தப் பாதையை விட்டுவிட்டாள். யானைகள் காட்டுக்குள் இறங்கிவிட்ட ஓடையைத் தேடிப்பிடித்து, மூன்றாம் நாளுக்கு அதைப் போட்டாள்.

பொய் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். பொய் எழுதுவது அவன் வேலை. "இந்தப் பருவத்தில் கிழக்கு மேட்டின் புல்வெளி கடல் போல அலையடிக்கும். மற்ற வண்டிகள் அநேகமாக வரமாட்டா. மொத்த மேட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம்." எல்லாம் உண்மை.

முதலாளியம்மா தாளைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள்.

"கிழக்கா? இந்த மாசத்துலயா?"

"கூட்டம் வேண்டாம்னு அவரே எழுதியிருக்கார்ம்மா. அங்க போனாத்தான் வேற வண்டி இருக்காது."

முதலாளியம்மாவுக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. மேலே ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வண்டி ஓட்டப்போவது அவள் தம்பி. கம்பெனியில் அவனை விட்டால் கிழக்குப் பாதையின் சேற்றுக்கு ஆள் இல்லை. தன் வண்டியில் ஏறியவர்கள் சிங்கம் பார்க்காமல் இறங்கியதே இல்லை என்று மார்தட்டிக்கொள்கிறவன். தாளை வாங்கிப் பார்த்தவன், புல் அறுக்கவா போகிறோம், அரிவாள் ஏதாவது எடுத்துக்கொள்ளவா என்று கேட்டுச் சிரித்தான். விருந்தாளி யார் என்று அக்காள் சொல்லவில்லை. கடிதம் எழுதியவனின் பெயரை அவன் அறிந்ததில்லை, அவள் வாயால் அந்தப் பெயரை வீட்டில் சொன்னதே கிடையாது.

முதல் நாள் மதியம் தம்பியிடமிருந்து போன் வந்தது. குரல் தாழ்ந்திருந்தது, வண்டியை விட்டுத் தள்ளி நின்று பேசுகிறான் என்று தெரிந்தது.

"அக்கா, காலையிலேர்ந்து இந்த ஆளு ஒரு எருமைக் கதை சொல்றான். வண்டி ஓட்டினது ஒரு பொம்பளையாம்."

அவள் கையிலிருந்த குண்டூசியைக் கீழே வைத்தாள்.

"அவன்தானா?"

"அவன்தான்."

அவன் கோபப்படுவான், என்னை ஏன் இதில் இழுத்தாய் என்று கேட்பான் என்று அவள் காத்திருந்தாள்.

"சரி. நாளைக்கு எந்தப் பக்கம் போகணும், சொல்லு" என்றான் தம்பி.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் மற்ற டிரைவர்கள் சொன்னதைக் கேட்டு, மறுநாள் பாதையை அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினாள். இரண்டாம் நாள் ஒரு கழுதைப்புலிக் கூட்டம் கிழக்கே நகர்கிறது என்று தெரிந்ததும், தம்பியைத் தெற்கே திருப்பிவிட்டாள். அந்த நாளில் விருந்தாளி பார்த்தது இரண்டு கொக்கு. மூன்றாம் நாள் யானை இல்லாத ஓடை. தொலைநோக்கியை மடியில் போட்டுக்கொண்டு, நான் இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று அவன் கேட்டதைத் தம்பி போனில் நடித்துக் காட்டினான். மேப்பக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எதிர் மேசையில் முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

ஆனால் அன்றைக்குத் தம்பி போனை வைக்கவில்லை. இன்னொன்று இருக்கிறது என்றான். திரும்பி வருகிற வழியில் பாதை ஓரமாகவே ஒரு பெண்சிங்கம், தனியாக. புல்லுக்கு மேல் காது இரண்டு மட்டும் தெரிந்தது. அந்த ஆள் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டியை மெதுவாக்கக்கூட இல்லக்கா. அப்படியே ஓட்டிட்டு வந்துட்டேன். இத்தனை வருஷத்துல சிங்கத்தைப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு வந்தது இதான் மொத தடவை. பாத்ததெல்லாம் எழுதணுமே, அந்த வாசல் ரிஜிஸ்டர்லயும் எழுதல."

நல்லது செய்தாய் என்றாள். தம்பி சட்டென்று போனை வைத்துவிட்டான். அவளுக்கு அது உறைக்கவும் இல்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது அந்த இரண்டு காதுகளையும், குனிந்திருந்த அவன் தலையையும் மாறி மாறி நினைத்துக்கொண்டே போனாள். அவ்வளவு இனிப்பான எதையும் அவள் நினைத்து வெகுநாள் ஆயிற்று.

கடைசி நாள் விருந்தாளிகள் அலுவலகத்துக்கு வந்து கருத்துப் புத்தகத்தில் எழுதுவது வழக்கம். அன்று காலை சட்டையை இரண்டு தடவை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் கத்துவான், திட்டம் போட்டது யார் என்று கேட்பான், அப்போது எழுந்து நின்று, நான்தான், என்னைத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். அந்த வாக்கியத்தை ஐந்து நாளாக வாய்க்குள் உருட்டி வைத்திருந்தாள்.

அவன் கத்தவே இல்லை. படியேறி வந்தவன் மூக்கு குளிரில் உரிந்திருந்தது, முகம் மட்டும் மலர்ந்திருந்தது. புத்தகத்தை வாங்கி அவள் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினான். எழுதியதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். அருமையான பயணம் என்று முதலாளியம்மாவுக்குக் கை கொடுத்தான். கிளம்பும்போது சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இவ்வளவு குண்டூசி குத்தி வெச்சிருக்கீங்களே. நீங்க எப்பவாவது உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?"

"போயிருக்கேன் சார்."

"நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டான்.

அவள் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். நான்காம் நாள் விடியலில் கிழக்கு மேட்டில் மூன்று பெண்சிங்கங்கள் ஒரு வரிக்குதிரையை வீழ்த்தினவாம். டிரைவர் நடுங்கினாராம். அவன் வண்டியை விட்டு இறங்கி, பத்தடி தூரத்தில், இமைக்காமல் நின்று பார்த்தானாம்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அந்த ஆளுக்குச் சிங்கம் தேவையே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட திட்டம் அவனை ஒரு கீறல்கூடக் கீறவில்லை. அன்றைக்கு வரைபடத்தில் குண்டூசி குத்தும்போது ஒன்று வளைந்துபோயிற்று.

அவன் கிளம்பிப்போன எட்டாம் நாள் அது வேறு விதமாகத் திரும்பி வந்தது. அவன் அந்தப் பக்கத்தின் படத்தை ஊரெல்லாம் பார்க்கும்படி வலையில் போட்டிருந்தான். சரணாலய அலுவலகத்தில் யாரோ பார்த்திருக்கிறார்கள். தம்பி பெயருக்கு நோட்டீஸ் வந்தது. பயணியை வண்டியிலிருந்து இறங்க அனுமதித்த குற்றத்துக்கு உன் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று. வார்த்தைக்கு வார்த்தை அவளுக்கு வந்த அதே நோட்டீஸ். தம்பி அதை அவள் மேசைமேல் வைத்துவிட்டு, கீழே போய் டயர் கடை வாசலில் நின்றுகொண்டான். அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

மேப்பக்கா அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஐந்து நாளின் பாதைத் தாள்களையும், சாயங்காலக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவின் முன்னால் போய் நின்றாள். எதையும் மறைக்கவில்லை. முதலாளியம்மா கடைசிவரை கேட்டாள்.

"நீ போட்ட அஞ்சு நாளும் என் பேர்ல போட்டது. அது உனக்குத் தோணலயா?"

முதலாளியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, வா, முதலில் அவனைக் காப்பாற்றுவோம் என்று எழுந்தாள்.

தம்பியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக, சரணாலய வாசலுக்கு வெளியே இருந்த அலுவலகத்துக்குப் போனார்கள். சரணாலயத்துக்குப் புது வார்டன் அம்மா வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கண்டிப்பானவள் என்று பேர். மேப்பக்கா சொன்னதையெல்லாம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். சிங்கக் கூட்டம் ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, அவை எங்கே திரிகின்றன என்று அலுவலகத்தில் பதிவு வைத்திருந்தார்கள். வார்டன் அம்மா அதைக் கொண்டுவரச் சொல்லிப் பாதைத் தாள்களோடு வைத்துப் பார்த்தாள். நான்காம் நாள் கிழக்கு மேட்டில் இருபது கிலோமீட்டருக்குள் எந்தக் கூட்டமும் இல்லை. மூன்றாம் நாள் பதிவைத் திருப்பியதும் அவள் விரல் நின்றது.

"இங்க உங்க வண்டிக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருந்திருக்கு. வாசல் ரிஜிஸ்டர்ல ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கே."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, பார்த்தேன், எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

அதற்குமேல் வேறு யாராவது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். மேப்பக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"மேடம், என் பழைய பைல் இங்கதான் இருக்கு. அதுல அவர் எழுதின லெட்டரை ஒரு தடவை படிச்சுட்டு, அப்புறம் அவருக்குப் போன் பண்ணுங்க. எங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

வார்டன் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பைல் வந்தது. கடிதத்தைப் படித்து மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். அவன் உற்சாகமாகத்தான் எடுத்தான். சரணாலயத்திலிருந்து என்றதும் இன்னும் உற்சாகமானான்.

"நீங்க வண்டிய விட்டு இறங்கினதா எழுதியிருக்கீங்க. அது இங்க குற்றம். தெரியுமா சார்?"

மறுமுனையில் ஒரு இருமல்.

"இல்ல மேடம், அது வந்து... இறங்கினா ஒண்ணும் ஆகாதுன்னு டிரைவர்தான் சொன்னார். அவர நம்பித்தான் இறங்கினேன்."

வார்டன் அம்மா கடிதத்தின் அதே வரியில் விரலை வைத்திருந்தாள். பிறகு போனை மேப்பக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

"சார், உங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவ பேசறேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு வண்டி ஓட்டினவளும் நான்தான். எருமை முட்டினது என் கைய. அஞ்சு நாளும் உங்க கண்ணுல எதுவும் படக் கூடாதுன்னுதான் அந்தத் திட்டத்தைப் போட்டேன். நாலாம் நாள் அந்த மேட்டுல சிங்கம் கிடையாது சார். இருந்திருந்தா உங்கள அங்க அனுப்பியிருக்கவே மாட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நீங்கள் யார் என்றே எனக்கு, என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். தெரிந்துவிட்டது. அவன் மூச்சு விடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு இணைப்பு அறுந்தது. அந்த மூச்சுச் சத்தத்துக்காக ஆறு வருஷம் காத்திருந்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

உத்தரவுகள் பத்து நாளில் வந்தன. அவன் இனி ஆயுளுக்கும் அந்தச் சரணாலயத்துக்குள் நுழைய முடியாது. பொய்த் தகவல் கொடுத்தவன் என்று காரணத்தையும் எழுதி, வலையில் அவன் போட்ட படத்துக்குக் கீழேயே அந்த உத்தரவை அலுவலகம் ஒட்டியது. அவள் மேலிருந்த பழைய தீர்ப்பு ரத்தானது. வேண்டுமானால் டிரைவர் தேர்வை மறுபடி எழுதி ஓட்டிக் காட்டலாம், கையைப் பார்த்துத்தான் முடிவு என்றார்கள். தம்பியின் உரிமம் தப்பியது. பார்த்ததைப் பதியாமல் விட்டதற்காக ஒரு மாதம் வண்டி எடுக்கக் கூடாது என்று மட்டும் தண்டனை. உத்தரவைக் கையில் கொடுக்கும்போது வார்டன் அம்மா, அந்த ஆள் அப்படி எழுதாமல் இருந்திருந்தால் நீயாக வந்து சொல்லியிருப்பாயா என்று கேட்டாள்.

"இல்ல மேடம். அடுத்த வருஷம் வந்திருந்தா இன்னும் அஞ்சு நாள் போட்டுக் கொடுத்திருப்பேன்."

வார்டன் அம்மா நிமிராமலே முத்திரையைக் குத்தினாள்.

முதலாளியம்மா அவளை மேசை வேலையிலிருந்து எடுத்துவிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. இனிமேல் நீ போடுகிற ஒவ்வொரு தாளையும் நான் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், அது நம் இரண்டு பேருக்கும் நல்லதில்லை என்றாள். மேப்பக்கா வரைபடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். உத்தரவின் நகலை மட்டும் வீட்டில் வைத்து அடிக்கடி படித்தாள். அந்த ஆள் பாவம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஆனால் தம்பி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். எதுவானாலும் அவன் மனைவி மூலம்தான் வரும். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், வேறொரு டிரைவரை விட்டுக் கம்பெனி ஜீப்பை அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் செய்து, தம்பி இடது பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"டெஸ்டுக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு. வந்து ஓட்டு."

லாரிகள் நிறுத்துகிற காலி மைதானத்துக்குப் போனார்கள். வளைவில் ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்ற வேண்டியபோது அவள் வலது கை பாதியில் நின்றது. இடது கையால் வாங்கித் திருப்பினாள். வண்டி அகலமாகச் சுற்றிப் போய்த் திரும்பியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் நீ."

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"ஒத்துக்கிட்டிருப்பேன். அதான் கோவம்."

அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். பின் சக்கரம் ஒரு காலித் தார் டின்னை நசுக்கியது. தம்பி இறங்கிப்போய் டின்னைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னால் நின்றுகொண்டு, வா, வா என்று கையைக் காட்ட ஆரம்பித்தான்.